சுவர்ப்பாசி என்னும் ஆவணம்

தமிழில் ‘பாசி’ என்ற ஒரே சொல் குளத்தில் மிதப்பதையும் மழைக்காலச் சுவரில் படர்வதையும் குறித்துவிடுகிறது. இங்கே கருதுவது பின்னதை. தாவரவியலார் மாஸ் என்றழைக்கும் சிறு செடியை. நகரக் காற்றைத் தூய்மை செய்யும் என்று அதற்கு அண்மையில் ஒரு புகழ் உண்டாகியிருக்கிறது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 2017-இல் சாலையோரம் 100 மீட்டர் நீளத்துக்குப் பாசிச்சுவரே எழுப்பிப் பார்த்தார்கள். கோடையில் அதன் ஒரு பகுதி காய்ந்துபோனது. காற்றில் இருந்ததைப் பதிந்து வைக்கும் திறனையே அதன் பெரும்பயன் என்பேன்.

பாசிக்கு மெய்யான வேர் இல்லை. இலை பெரும்பாலும் ஒரே செல் தடிப்புடையது. ஆகவே நீரையும் உப்புகளையும் மழையிலிருந்தும் தூசியிலிருந்துமே பெறுகிறது. உடன்வரும் ஈயமும் காட்மியமும் செல்சுவரில் பிணைந்து தங்கிவிடுகின்றன.

இதை வரலாற்றுச் சான்றாக வாசித்துக் காட்டியவர்கள் ஸ்வீடனின் ரூலிங், டைலர் என்னும் இருவர். 1968-இல் வெளியான ஆய்வுக்காக அவர்கள் உலர்தாவரச் சேகரங்களைத் திறந்தார்கள். 1860 முதல் சேர்த்துவைத்த பாசிகளில் ஈயத்தின் அளவு இருமுறை ஏறியிருந்தது: பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒருமுறை, 1950-க்குப் பின் மறுமுறை. முன்னதற்கு நிலக்கரியையும் பின்னதற்கு ஈயம் கலந்த பெட்ரோலையும் காரணமாகக் கண்டனர். அந்தப் பாசிகளைச் சேகரித்தவர்கள் தேடியது இனங்களை மட்டுமே. காற்றும் உறைக்குள் சேர்ந்து வந்துவிட்டது.

அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 2013-இல் வனத்துறை ஆய்வாளர்கள் நகர மரங்களிலிருந்து 346 பாசி மாதிரிகள் எடுத்தனர். காட்மியம் மிகுந்த இடங்கள் வண்ணக் கண்ணாடித் தொழிற்கூடங்களைச் சுட்டின. பின்னர் வைத்த கருவிகள் அதை உறுதிசெய்தன. 2018-இல் ஒரிகன் மாநிலம் தொழிற்கூட நச்சுக்காற்றுக்குப் புது விதிகள் வகுத்தது.

இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-இல் விலக்கப்பட்டது. தேசியக் காற்றுக் கண்காணிப்புத் திட்டமோ 1984-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய நகரக் காற்றை அறிய விரும்பும் சூழலியல் வரலாற்றாளர், ஹவுராவின் மத்தியத் தேசிய உலர்தாவரகம் போன்ற இடங்களின் பழைய சேகரங்களை நாடலாம். (பூச்சி அரிக்காதிருக்கப் பாதரச உப்பு பூசும் வழக்கம் அக்காலத்தில் பரவலாக இருந்ததால், பாதரசத்தைப் பற்றி மட்டும் அவற்றைக் கேட்க இயலாது.)

தொல்லியல் துறை நினைவுச் சின்னங்களின் பாசியை அமோனியாக் கரைசலால் அகற்றுகிறது. கல்லைக் காக்க அது வேண்டியதே. கழுவுமுன் ஒரு பிடியை எடுத்துக் காகித உறையிலிட்டு, இடம், நாள், கல்லில் வளர்ந்ததா மரத்திலா என்பதை மேலே எழுதி வைத்தல் நலம்.