வாங்கிய கணனி யாருக்குச் சொந்தம்? மேசைக் கணனி லினக்ஸின் வரலாறு

"இதுதான் மேசைக் கணனியில் லினக்ஸின் ஆண்டு" என்ற ஆரூடம் ஏறத்தாழ ஒவ்வொரு ஜனவரியிலும் எழுந்து, டிசெம்பருக்குள் அடங்கிவிடுகின்ற ஒன்று. செய்தி அறையில் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கிய காலத்தில் இந்த ஆரூடத்தைப் பல தடவை நான் கடந்து வந்திருக்கிறேன். உலகின் அதிவேகமான 500 சுப்பர் கணனிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன. அன்ட்ரொயிட் கைபேசிகளின் உள்ளேயும் அதன் உட்கருவே இருக்கின்றது. ஆயினும், வீட்டு மேசையில் மட்டும் அது சிறுபான்மையாகவே இருந்து வருகின்றது. இதற்கான விடையை மென்பொருளில் மட்டும் தேடுவது போதாது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் உள்ளியக்கத்தை அறிய உரிமையாளருக்கு உரித்துண்டா என்ற பழைய வழக்கில் அது இருக்கின்றது என்பதே என் கருத்து.

அந்த வழக்கு லினக்ஸுக்கும் முந்தியது. 1980 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு செரொக்ஸ் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்து சேர்ந்தது. தாள் சிக்கினால் பயனாளர்களுக்கு அறிவிக்கும்படி முந்திய அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்தியிருந்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், புதியதிலும் அவ்வாறே செய்ய முனைந்தார். மூலநிரல் மறுக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை 1983 செப்டெம்பரில் அறிவித்த அவர், தம்மை அந்த வழிக்குத் திருப்பியவற்றுள் ஒன்றாக இந்த அச்சுப்பொறிக் கதையைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

1991 ஓகஸ்ட் 25 ஆம் திகதி, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் ஓர் இயங்குதளத்தை எழுதி வருவதாக அறிவித்தார். இது பொழுதுபோக்குக்கானது என்றும், தம்மிடம் உள்ள வகை வன்தட்டைத் தவிர வேறெதையும் இது ஒருபோதும் ஆதரிக்காமல் போகலாம் என்றும் அதில் அடக்கத்தோடு எழுதியிருந்தார். லினக்ஸின் முதல் அறிவித்தலிலேயே வன்பொருள் பற்றிய குறை இடம்பெற்றிருந்தமை கவனிக்கத்தக்கது.

சாதாரண மக்களுக்கான முகம் பின்னரே வந்தது. 1996 ஒக்டோபர் 14 ஆம் திகதி ஜேர்மனியின் ரூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எற்றிச் கே.டி.ஈ. திட்டத்தை அறிவித்தார். அது நோர்வே நாட்டின் ட்ரோல்டெக் நிறுவனத்தின் கியூ.ரி. என்ற மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. அதன் உரிமம் முழுமையாகக் கட்டற்றதல்ல என்ற எதிர்ப்பிலிருந்து 1997 ஓகஸ்டில் க்னோம் பிறந்தது. 2000 செப்டெம்பரில் கியூ.ரி.யும் பொது உரிமத்தின் கீழ் வந்தது. ஆனால் அதற்குள் குடும்பம் இரண்டாகிவிட்டது.

வன்பொருளோ முரண்டு பிடித்தது. தொண்ணூறுகளின் மலிவு மோடம்கள் பல, தம் வேலையில் பாதியை விண்டோஸ் மென்பொருளிடம் ஒப்படைத்திருந்தன. லினக்ஸில் அவை வெறும் தகடுகள். வரைகலை அட்டைகளைத் தயாரிக்கும் என்விடியாவே தாம் கையாண்டவற்றுள் மிக மோசமான நிறுவனம் என்று 2012 இல் பின்லாந்தில் நடந்த ஒரு நிகழ்வில் டோர்வால்ட்ஸ் பகிரங்கமாகச் சாடினார். உட்கருவோடு இணையும் பகுதியின் மூலநிரலை அந்நிறுவனம் வெளியிடுவதற்கு 2022 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கிட்டிய வெற்றிகளும் நிலைக்கவில்லை. 2007 இன் பிற்பகுதியில் ஆசுஸ் நிறுவனம் ஈ பிசி என்ற சின்னஞ்சிறு மடிக்கணனியை லினக்ஸுடன் விற்பனைக்கு விட்டது. விற்பனையிலிருந்து விலக்கத் திட்டமிட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்பியை, இத்தகைய மலிவுக் கணனிகளுக்காகத் தொடர்ந்து வழங்கப்போவதாக மைக்ரோசொப்ட் 2008 ஏப்ரலில் அறிவித்தது. சந்தை மீண்டும் அதன் கைக்குப் போயிற்று. மியூனிக் மாநகர சபை 2003 இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, 2013 அளவில் ஏறத்தாழ 15,000 கணனிகளை மாற்றி முடித்தது. 2017 நவம்பரில் அதே சபை விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. ஊழியரின் முறைப்பாடுகளும் பிற மென்பொருள்களுடனான பொருத்தமின்மையும் காரணங்களாகக் காட்டப்பட்டன.

ஈழத்துப் பத்திரிகைக்காரர்களுக்கு இந்த வழக்கு அந்நியமானதல்ல. பல ஆண்டுகள் நாம் பாமினி எழுத்துருவில் எழுதினோம். திரையில் தெரிந்தது தமிழ். கணனி சேமித்ததோ ஆங்கில எழுத்துகளின் கோவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் நம் கட்டுரைகள் பொருளற்ற கிறுக்கல்களாயின. லினக்ஸ் அறிவிக்கப்பட்ட அதே 1991 இன் ஒக்டோபரில் வெளியான யூனிக்கோட் முதற்பதிப்பில் தமிழுக்கும் இடமிருந்தது. அது நம் திரைகளில் ஒழுங்காகத் தெரியப் பல ஆண்டுகள் சென்றன. கே.டி.ஈ., க்னோம் ஆகியவற்றைத் தமிழாக்கிய தன்னார்வலர்கள் எந்தக் கொம்பனியின் அனுமதிக்காகவும் காத்திருக்கவில்லை. சந்தைக் கணக்கில் சிறியதாகத் தெரியும் ஒரு மொழிக்கு இதைவிடப் பெரிய உரிமை வேறென்ன?

இதைச் சொல்வதனால் லினக்ஸ் குற்றமற்றது என்று பொருளல்ல. தான் பிறந்த 386 வகைக் கணனிக்கான ஆதரவை 2013 இல் வெளிவந்த 3.8 ஆம் பதிப்புடன் அதுவும் கைவிட்டது. ஆனால் பழைய பதிப்பின் மூலநிரல் இன்றும் இருக்கிறது. வேண்டியவர் எடுத்துத் திருத்தலாம். மறுபுறம், 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி, கே.டி.ஈ. அறிவிக்கப்பட்டு சரியாக 29 ஆண்டுகள் நிறைவுற்ற நாளில், விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11 கோரும் பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத கணனிகள் பல, பழுதெதுவும் இன்றியே பழசாகிவிட்டன.

ஆகவே, லினக்ஸின் ஆண்டு எப்போது வரும் என்ற கேள்வியை ஆரூடக்காரர்களிடமே விட்டுவிடலாம். நல்ல நிலையில் ஓடுகின்ற ஒரு கணனியின் ஆயுளை நிர்ணயிப்பது அதை வாங்கியவரா, விற்றவரா? நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் அச்சுப்பொறியின் அருகில் எழுந்த இந்தக் கேள்விக்கு, தம் வீட்டு மேசையில் இருப்பதை வைத்து வாசகர்களே விடை சொல்லட்டும்.