காற்றைப் பற்றும் உலோகம்

1803-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லண்டன் மாநகரின் ஸோஹோப் பகுதியிலிருந்த ஒரு கடையில் புதியதோர் உலோகம் விற்பனைக்கு வந்தது. பல்லேடியம் எனப் பெயர் சூட்டி, அதன் குணங்களை விவரித்து அச்சிட்ட துண்டுப்பிரசுரம் ஒன்று விஞ்ஞானிகளிடையே பரவிற்று. கண்டுபிடித்தவர் பெயர் அதில் இல்லை. உலோகம் புதிதாயின் கற்றோர் சபையில் அறிவியாது கடைத்தெருவில் விற்பானேன் என்று பலரும் ஐயுற்றனர். ரிச்சர்டு செனிவிக்ஸ் என்னும் ஐரிஷ் இரசாயன அறிஞர் அச்சரக்கை வாங்கிச் சோதித்து, இது தனி உலோகமன்று, பிளாட்டினத்தையும் பாதரசத்தையும் கூட்டிச் செய்த கலவையே என்று ராயல் சங்கத்திற்கு அறிவித்தார். அவ்வாண்டே அச்சங்கத்தின் காப்ளி பதக்கமும் அவரை அடைந்தது.

பின்னர், அவ்வுலோகத்தைச் செய்துகாட்டுவோருக்கு 20 பவுன் பரிசு என்று பெயரில்லாத அறிவிப்பொன்று வெளிவந்தது. பரிசைப் பெற எவராலும் இயலவில்லை. 1805-இல் வில்லியம் ஹைடு வோலஸ்டன் என்பார், தென்னமெரிக்கப் பிளாட்டினத் தாதுவிலிருந்து அதனைப் பிரித்தெடுத்தவர் தாமே என்று வெளிப்படுத்தினார். பதக்கம் பெற்றவர் பிழைபட்டார். பெயரற்ற காகிதம் மெய்யாயிற்று. இதனை நினைக்குந்தோறும் நம் உள்ளத்தில் சிறிது மகிழ்ச்சி எழுவதை மறைப்பதற்கில்லை.

இத்தகைய வழக்கோடு பிறந்த உலோகம் யாது செய்ய வல்லது? 1817-இல் ஹம்பிரி டேவி, சூடேற்றிய பிளாட்டினக் கம்பியை எரிவாயுவும் காற்றும் கலந்த கலவையில் வைத்தபோது, சுவாலை ஏதுமின்றியே அக்கம்பி கனன்று நின்றது. செம்பு, வெள்ளி, இரும்பு, பொன் ஆகியவற்றைக் கொண்டு முயன்றார், பயனில்லை. பல்லேடியமோ பிளாட்டினத்தைப் போலவே கனன்றது. தான் செலவாகாமல் பிறவற்றைச் சேர்த்துவைக்கும் இவ்வாற்றலுக்குப் பெயரிட்டவர் ஸ்வீடன் நாட்டுப் பெர்ஸீலியஸ், ஆண்டு 1835. பெயர் கிடைத்ததேயன்றிக் காரணம் கிடைக்கவில்லை.

1866-இல் தாமஸ் கிரஹாம் கண்டது இன்னும் வியப்புக்குரியது. ஒரு படி பல்லேடியம் 600 படிக்கு மேற்பட்ட ஹைட்ரஜன் வாயுவைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது! உலோகம் சிறிது பருக்கின்றது, உடைவதில்லை. ஹைட்ரஜன் மூலக்கூறு என்பது இரண்டு அணுக்களின் இணை. அது பல்லேடியத்தின் மேற்பரப்பைத் தொட்டவுடன் இணை பிரிகின்றது. பிரிந்த அணுக்கள் மேற்பரப்பில் பற்றி நிற்கின்றன. பின் உலோக அணுக்களின் இடைவெளிகளில் புகுகின்றன. வாசலில் பிரியாத இணை உள்ளே செல்வதில்லை என்பதனால், மேற்பரப்பே அனைத்திற்கும் தலைவாயில் என்பது விளங்கும்.

அவ்வாயிலை அடைத்துக்கொள்ளும் வாயு ஒன்றுண்டு; அதுவே கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் அடுப்புக்கரியை எரித்துவிட்டுத் துயின்றோர் விடிவதற்குள் மாண்டனர் என்னும் செய்திகளை நாம் கேட்டிருக்கின்றோம். நம் இரத்தத்தின் செம்பொருளைப் பிராணவாயுவைக் காட்டிலும் சுமார் 200 மடங்கு இறுகப் பற்றி, அதற்குரிய இடத்தைப் பறித்துக்கொள்ளும் வாயு இது. பல்லேடியத்தினிடத்தும் இதே அக்கிரமத்தைச் செய்கின்றது. கார்பன் முனையை உலோகத்தில் ஊன்றி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நெருங்கி நின்றுவிடுகின்றது. பிராணவாயு மூலக்கூறோ இரண்டாகப் பிரிந்து அமர வேண்டுவது. அதற்குப் பக்கத்துப் பக்கத்து வெற்றிடங்கள் வேண்டும். கூட்டம் நிறைந்த பஸ்ஸில் கைக்குழந்தையும் மூட்டையுமாக ஏறிய தம்பதிகள் சேர்ந்தமர இடந்தேடும் நிலைதான் அதற்கு. இடம் பெற்ற பிராணவாயு அணுக்கள் அவ்வளவு நெருங்கி அமர்வதில்லை. அவற்றினிடையே கார்பன் மோனாக்சைடு புகுந்துகொள்ள வழியுண்டு. ஆதலின் ஒன்று மற்றதைத் தடுக்கின்றது. மற்றது இதனைத் தடுப்பதில்லை. அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் பிளாட்டினத்தை வைத்து 1922-இலேயே இத்தடையை எடுத்துரைத்தார்.

ஆயினும் ஒரு வினா எஞ்சிற்று. இரு வாயுக்களும் உலோகத்தைப் பற்றியபின் சேர்கின்றனவா? அன்றிப் பற்றி நிற்கும் பிராணவாயுவின்மேல் மற்றது பறந்துவந்து மோதி அப்பொழுதே சேர்கின்றதா? இதனைத் தீர்க்கத் தூய உலோக முகம் வேண்டும். சாதாரணக் காற்றிலோ கண்ணிமைப்பதற்குள் அம்முகம் மூடப்பட்டுவிடும். காற்றை ஏறக்குறைய முற்றும் அகற்றிய கலங்கள் செய்யப்பட்ட பின்னரே, 1970-களில் ஜெர்மனியின் ஜெர்ஹார்ட் எர்ட்டலும் அவர் துணைவர்களும் இதனை ஆராய முடிந்தது. அவர்கள் கார்பன் மோனாக்சைடை விட்டுவிட்டுப் பாயும் கற்றையாகப் பல்லேடியத்தின்மீது செலுத்தினர். மோதியவுடன் சேர்வதாயின் கரியமிலவாயு உடனே வெளிப்படவேண்டும். அது தாமதித்தே வெளிப்பட்டது. வந்த வாயு உலோகத்தில் தங்கி, நகர்ந்து, பிராணவாயு அணுவைச் சந்தித்து, அதன்பின்னரே புறப்பட்டது என்பதற்கு அத்தாமதமே சாட்சி. 2007-இல் எர்ட்டலுக்கு இரசாயன நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களின் புகைக்குழாயில் பிளாட்டினமும் பல்லேடியமும் கொண்ட ஊக்கிகள் பொருத்தப்பட்டன. ஈயங்கலந்த பெட்ரோல் அவற்றைக் கெடுக்குமாதலின் ஈயமில்லாப் பெட்ரோலும் உடன் வந்தது. குழாய் சூடேறியபின், கார்பன் மோனாக்சைடு மேற்பரப்பில் தன் பிடியை நெகிழ்த்துகின்றது. பிராணவாயுவுக்கு இடம் கிடைக்கின்றது. நச்சு கரியமிலவாயுவாக மாறுகின்றது. இயந்திரம் குளிர்ந்திருக்கும் தொடக்கத்திலோ உலோகத்தின் முகம் இன்னும் அடைபட்டே கிடக்கின்றது. காலையில் கதவடைத்த கொட்டகைக்குள் காரை ஓடவிட்டுப் பக்கத்தில் நிற்பவர் சுவாசிப்பது அந்நேரத்துப் புகையையே.