ஆளுங்கட்சி வரிசையிலிருந்து எழுந்த கேள்வி

1957 டிசம்பர் 16. மக்களவையில் ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி எழுந்தார். அவர் பிரதமர் நேருவின் மருமகன். அன்று அவர் பதில் கேட்டதோ நேருவுக்கு மிக வேண்டியவரான நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியிடம்.

1952 தேர்தலில் வென்று டெல்லிக்குப் போன பெரோஸ், முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் பேசாமலே இருந்தார். 1955 டிசம்பரில்தான் அவர் குரல் அவையை உலுக்கியது. தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா தன் பிடியிலிருந்த பாரத் இன்சூரன்ஸ் பணத்தைச் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பிய விதத்தைக் கணக்கு வழக்கோடு எடுத்துவைத்தார். அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19 அன்று, ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு அவசரச் சட்டம் மூலம் தன் வசம் எடுத்துக்கொண்டது. செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தது. டால்மியா பின்னாளில் சிறை சென்றார்.

எல்.ஐ.சி.க்கு ஒரு வயது நிறையும் முன்பே அங்கும் தவறு நடந்தது. 1957 ஜூனில், கல்கத்தா வர்த்தகர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கப்பட்டன. நிறுவனத்தின் முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளவில்லை. சந்தை விலையைவிடக் கூடுதலாகவும் கொடுத்திருந்தார்கள். செப்டம்பரிலேயே அவையில் இது பற்றிக் கேள்வி எழுந்தது. நேரான பதில் வரவில்லை.

பெரோஸ் விடவில்லை. டிசம்பர் உரையில் பங்குகளின் விலை ஏறி இறங்கிய கணக்கைச் சொல்லி, பாலிசிதாரர்களின் பணத்தை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். அரசு பணிந்தது.

பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். பங்குகள் வாங்கியதில் நிதிச் செயலாளர் எச்.எம். படேலின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்றது சாக்ளா அறிக்கை. 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இவ்வளவும் மக்களுக்குத் தெரியவந்ததற்கு, பெரோஸ் முன்பே செய்து முடித்த இன்னொரு வேலையும் காரணம். அவையில் பேசும் உறுப்பினர் மீது வழக்குப் போட முடியாது. அந்தப் பேச்சை அச்சிடும் பத்திரிகைக்கு அன்று அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்க அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நாடாளுமன்ற நடவடிக்கைகளை உள்நோக்கமின்றி உள்ளபடி வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பு தரும் அந்தச் சட்டம் 1956-ல் நிறைவேறியது.

1960 செப்டம்பர் 8 அன்று, 48 வயது நிறையும் முன்பே பெரோஸ் காலமானார். நெருக்கடி நிலைக் காலத்தில் அவர் மனைவி இந்திரா காந்தியின் அரசு அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 1977-ல் ஜனதா அரசு மீட்டது. மறு ஆண்டில் நிறைவேறிய 44-ஆவது திருத்தம், அதே பாதுகாப்பை 361ஏ பிரிவாக அரசியலமைப்பிலேயே சேர்த்தது. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது.