மேடையை மாற்றியவர்கள் - 17: ரைன் நதியில் அணை கட்டியவர்

1976 கோடை. ஜெர்மனியின் பைராய்ட் நகரத்துக் குன்றின் மேல் இருக்கும் ஓபரா அரங்கில் விசில் பறந்தது. நம்மூர்க் கொட்டகையில் விசில் என்றால் கொண்டாட்டம். அங்கே அது வசவு. சிலர் அதற்கென்றே விசிலைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். எதிர்த்துத் துண்டுப் பிரசுரமும் விநியோகித்தார்கள். இத்தனைக்கும் காரணமான இயக்குநருக்கு வயது 31. பிரெஞ்சுக்காரர். பெயர் பத்ரீஸ் ஷெரோ.

ரிச்சர்ட் வாக்னர் தன் படைப்புகளுக்கென்றே கட்டிய அரங்கு அது. அவருடைய ‘நிபெலுங்கின் மோதிரம்’ முழுத் தொடராக முதன்முதலில் அரங்கேறியது 1876-ல், அங்கேதான். நான்கு ஓபராக்கள், சுமார் 15 மணி நேர இசை. ரைன் நதிக்கடியில் கிடக்கும் தங்கத்தைத் திருடி, உலகையே ஆளவல்ல மோதிரத்தைச் செய்கிறான் ஒரு குள்ளன். அந்த மோதிரத்துக்கு எல்லோரும் ஆசைப்பட, கடைசியில் தேவர் குலமே எரிந்து அழிகிறது. இதுதான் கதை. அதன் நூற்றாண்டு நிறைவு அரங்கேற்றத்தைத்தான் வாக்னரின் பேரன் வொல்ஃப்காங் பிரெஞ்சுக்காரர்கள் கையில் கொடுத்தார். இசை நடத்துநர் பியர் பூலேஸ், மேடை வடிவமைப்பாளர் ரிஷார் பெடுஸ்ஸி, இயக்குநர் ஷெரோ. பீட்டர் புரூக், பீட்டர் ஸ்டைன் இருவரும் ஒத்துவராமல் போன பிறகுதான் ஷெரோவுக்கு அழைப்பு வந்தது. அதுவரை அவர் இயக்கிய ஓபராக்கள் இரண்டே இரண்டு.

ஆனால் நாடகத்துக்கு அவர் புதியவர் இல்லை. 1944 நவம்பர் 2-ம் தேதி மேற்கு பிரான்ஸின் லெசின்யே கிராமத்தில் பிறந்தார். அப்பா ஓவியர், அம்மாவும் வரைகலை தெரிந்தவர். பாரிஸில் பள்ளி மாணவராக இருக்கும்போதே மேடை ஏறியாயிற்று. 22 வயதில் பாரிஸை அடுத்த சார்த்ருவில் நகரின் நாடக அரங்குக்குப் பொறுப்பேற்றார். செலவு கைமீறிப்போய் 1969-ல் அந்த அரங்கு திவாலானது. கடன் ஷெரோவின் தலையில் விழுந்தது. பல ஆண்டுகள் அதை அடைத்துக்கொண்டிருந்தார். அடுத்து இத்தாலி. மிலான் நகரின் பிக்கோலோ தியேட்டரில், இயக்குநர் ஜார்ஜோ ஸ்ட்ரேலரின் நிழலில் சில காலம். 1972-ல் தாய்நாடு திரும்பி, லியோனை ஒட்டிய வில்லர்பானில் ரோஜே பிளான்ஷோனோடு தேசிய மக்கள் நாடக அரங்கை நடத்தினார். பைராய்ட் அழைப்பு வந்தபோது அங்கேதான் இருந்தார்.

பைராய்ட்டில் முதல் நாள் திரை விலகியதும் நதியைக் காணோம். பிரம்மாண்டமான ஒரு நீர்மின் அணைக்கட்டு நின்றது. அதைச் சுற்றிப் புகைபோல நீராவி. தங்கத்துக்குக் காவலிருக்கும் நீர்மகளிர் விலைமாதர் கோலத்தில் திரிந்தார்கள். தேவர் தலைவன் வோட்டான் வாக்னர் காலத்து முதலாளி போல நீண்ட கோட்டு அணிந்து வந்தான். புராணத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஆலைக் காட்சி. கொதித்துப்போனார்கள்.

ஆனால் ஷெரோ இதை வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை. 1849-ல் டிரெஸ்டன் கிளர்ச்சியில் கலந்துகொண்டு நாட்டைவிட்டே ஓட நேர்ந்தவர் வாக்னர். மோதிரக் கதையை அவர் எழுதத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான். தங்கத்துக்காகக் காதலைத் துறப்பவனும், மண்ணுக்கடியில் அடிமைகளாக உழைப்பவர்களும் அவர் எழுதிய பாத்திரங்களே. இது முதலாளித்துவத்தின் கதை என்று பெர்னார்ட் ஷா 1898-லேயே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். அந்தக் கதையை அது எழுதப்பட்ட நூற்றாண்டிலேயே கொண்டுபோய் நிறுத்தினார் ஷெரோ, அவ்வளவுதான்.

இரண்டாவது ஓபராவில் ஒரு காட்சி. வோட்டானின் அறை நடுவே ஒரு பெரிய ஊசல் ஆடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. தன் ஆட்டம் முடியப்போகிறது என்று தெரிந்துகொண்ட வோட்டான் கண்ணாடியில் தன்னையே பார்த்து நீளமாகப் புலம்புகிறான். முடிவு ஒன்றுதான் வேண்டும் என்று பாடும் இடத்தில் எட்டி ஊசலைப் பிடித்து நிறுத்துகிறான். காலத்தையே நிறுத்தப் பார்க்கும் கிழட்டு அதிகாரத்தைக் காட்ட ஷெரோவுக்கு அது போதுமாக இருந்தது. முன்னால் வந்து நின்று குரலைக் காட்டிவிட்டுப் போகும் வழக்கமெல்லாம் அவரிடம் எடுபடாது. டொனால்ட் மெக்கின்டயர், குவினெத் ஜோன்ஸ் போன்ற பெரும் பாடகர்களையும் உருளவைத்தார், ஓடவைத்தார், கட்டிக்கொண்டு அழவைத்தார்.

1977-ல் சீக்ஃபிரீட் பாத்திரத்தைப் பாடும் ரெனே கொல்லோவுக்குக் கால் முறிந்தது. அவர் மறைவில் இருந்து பாட, மேடையில் சீக்ஃபிரீடாக நடித்தவர் ஷெரோவே. ஒவ்வொரு அசைவும் அவருக்கு மனப்பாடம். எதிரிகளின் வாய் அடைபடத் தொடங்கிய ஆண்டு அது.

ஆண்டுதோறும் அவர் திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். வோட்டானின் மகள் புரூன்ஹில்ட உறங்கும் பாறையைக்கூட இரண்டாம் ஆண்டில் மாற்றியமைத்தார். வொல்ஃப்காங்கும் கூச்சலுக்குப் பயந்து நாடகத்தைத் தூக்கிவிடவில்லை. 1980-ல் கடைசிக் காட்சி. எல்லாம் எரிந்து முடிந்த பின், மேடையில் நின்ற தொழிலாளர் கூட்டம் மெல்லத் திரும்பிப் பார்வையாளர்களை உற்றுப் பார்த்தது. திரை விழுந்தது. கைதட்டல் ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் ஓயவில்லை.

இதற்கிடையில் 1979-ல் பாரிஸில், ஆல்பன் பெர்க் பாதியில் விட்டுப்போன ‘லூலூ’ ஓபராவை மூன்று அங்கங்களோடு முதன்முறையாக மேடையேற்றியிருந்தார். 1982 முதல் 1990 வரை நான்தேர் நகர அரங்கின் தலைமை. அங்கே பெர்னார்-மரி கோல்தெஸின் நாடகங்களை உலகறியச் செய்தார். சினிமாவிலும் 1994-ல் ‘மார்கோ அரசி’, 2001-ல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி வாங்கிய ‘இன்டிமஸி’. 2013 ஜூலையில் தெற்கு பிரான்ஸின் எக்ஸ் விழாவில் ‘எலெக்ட்ரா’ ஓபரா. அதில் கிழட்டு வேலைக்காரனாகச் சின்ன வேடத்தில் வந்தவர், பைராய்ட்டில் வோட்டானாக நின்ற அதே மெக்கின்டயர். மூன்றே மாதத்தில், அக்டோபர் 7 அன்று, நுரையீரல் புற்றுநோயால் ஷெரோ காலமானார். வயது 68.

இன்று ஐரோப்பாவில் தேவர்களுக்குக் கோட்டு மாட்டாத ஓபரா இயக்குநரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஷெரோவிடமிருந்து எளிதில் எடுக்க முடிந்தது அந்தக் கோட்டு மட்டும்தான். மூலத்தை வரி வரியாகப் படிப்பதையும், பாடகரை நடிகராக்குவதையும், விசில் சத்தத்துக்கு நடுவே ஐந்து வருடம் விடாமல் செப்பனிடுவதையும் பழகிக்கொண்டவர்கள் குறைவு.

அடுத்த வாரம்: ஷெரோவுக்கு மிலானில் தொழில் கற்றுத்தந்த ஸ்ட்ரேலர்.

(தொடரும்)