பேசாப்படத்தில் ‘மிருச்சகடிகம்’: மொழி அடுக்குகளின் மறைவு

சூத்திரகர் இயற்றிய ‘மிருச்சகடிகம்’ என்னும் நாடகத்தை மோகன் பவ்னானி 1930–31 காலப்பகுதியில் ‘வசந்தசேனா’ என்னும் பேசாப்படமாக்கினார். ஏணாக்ஷி ராமராவ், கமலாதேவி சட்டோபாத்யாய ஆகியோருடன் பெங்களூரு நாடகாசிரியர் டி. பி. கைலாசமும் அதில் நடித்தார். கன்னடத் திரை வரலாற்றின் தொடக்க முயற்சிகளுள் ஒன்றாக இப்படம் எண்ணப்படுகிறது. மொழிவகை மிகுந்த ஒரு நாடகம் ஒலியற்ற ஊடகத்திற்குச் சென்றபோது எதனை இழந்தது என்பது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருதத்தக்கது.

பத்து அங்கங்களைக் கொண்ட இந்நாடகத்தில் சாருதத்தன் வடமொழி பேசுகிறான். வசந்தசேனைக்குச் சௌரசேனி, விதூஷகனுக்குப் பிராச்சியா, காவலருக்கு ஆவந்தி, பணியாளருக்கு மாகதி, சூதாடிகளுக்கு டக்கி என உரைகாரர் பிருதிவிதரர் வகுத்துரைப்பர். அரசனின் மைத்துனனாகிய சகாரனோ ஸகரம் வரவேண்டிய இடங்களில் ஶகரத்தை ஒலிப்பவன். இராமனுக்கு அஞ்சிய திரௌபதி என இரு இதிகாசங்களையும் குழப்பி உவமை கூறுபவன். அவனது அறியாமையும் செருக்கும் பேச்சிலேயே வெளிப்படுகின்றன. கணிகையாகிய வசந்தசேனை மழைக்காட்சியில் வடமொழிச் செய்யுள் கூறுவது, மொழி வகுத்த எல்லையை அவள் கடப்பதாகும்.

பேசாப்படத்தில் இவ்வேறுபாடுகளைத் தாங்க இடமில்லை. காட்சிகளுக்கிடையே காட்டப்பட்ட எழுத்தட்டைகளில் சில தொடர்களே அடங்கும். பல வட்டாரங்களிலும் படம் ஓடவேண்டி, ஒரே செய்தியைப் பல மொழிகளில் எழுதிக் காட்டுவது அக்கால வழக்கம். எனவே திரையில் மொழிகள் பல இருப்பினும் பாத்திரங்களுக்கிடையே மொழிவேறுபாடு இல்லாது போயிற்று. சகாரனின் உச்சரிப்பை உடையும் மெய்ப்பாடுமே ஈடுசெய்ய வேண்டியிருந்தது. மறுபுறம், சிறுவனின் மண்தேரில் வசந்தசேனை அணிகலன்களை நிரப்பும் நிகழ்ச்சி சொல்லின்றியே விளங்கக்கூடியது. நாடகத்தின் பெயருக்குக் காரணமான அப்பொருள் கண்ணுக்குரியது.

கைலாசத்தின் பங்கேற்பு இவ்விழப்பை மேலும் உணர்த்துகிறது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கன்னடத்தில் எழுதிய அவர், பெங்களூரு நடுத்தர வகுப்பாரின் ஆங்கிலம் கலந்த பேச்சுக் கன்னடத்தை மேடைக்குக் கொணர்ந்தவர். அவருடைய ‘டொள்ளு கட்டி’ 1918இல் எழுதப்பட்டது. பேச்சின் வேறுபாட்டையே நகைச்சுவைக்கும் சமூக விமரிசனத்திற்கும் கருவியாக்கிய அவர், பேச்சே இல்லாத படத்தில் நடித்தார்.

மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கலும் இதுவே. 1905இல் ஆங்கிலத்தில் பெயர்த்த ஆர்தர் ரைடர், சகாரனின் ஒலித்திரிபை ஆங்கிலச் சொற்களிலும் காட்டினார். தமிழில் பண்டிதமணி மு. கதிரேசஞ் செட்டியார் ‘மண்ணியல் சிறுதேர்’ எனத் தலைப்பையே தமிழாக்கினார். தலைப்பு பொருளைச் சுட்டுவதால் எளிதில் மொழிமாறுகிறது. பாத்திரங்களிடையே உள்ள பேச்சு வேறுபாட்டுக்கோ பெறுமொழியில் நிகரான வழக்குகளைத் தேடவேண்டும். அவ்வாறு தேடாது எல்லாரையும் ஒரே நடையில் பேசவைக்கும் மொழிபெயர்ப்பு, சொற்கள் நிரம்பியிருந்தும் பேசாப்படத்தின் நிலையையே அடைகிறது எனலாம்.