பன்னீர் திராட்சை எப்போ பிறந்துச்சு?

இன்னைக்கு ஒரு பழத்தோட பிறந்த வருஷத்தைத் தேடப் போறோம்.

கோயம்புத்தூர்ல இருந்து மேற்கே தொண்டாமுத்தூர், நரசீபுரம்னு போனீங்கன்னா, மலையடிவாரத்துல பந்தல் போட்டு வளர்க்கிற கருநீலத் திராட்சையைப் பார்க்கலாம். பேரு பன்னீர் திராட்சை. பட்டர் மசாலாவுல வர்ற பனீர் இல்லைங்க, கல்யாண வீட்டுல தெளிக்கிற பன்னீர். கடிச்சா அந்த ரோஜா வாசம் வரும். ஒயின் உலகத்துல இதுக்குப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். கலிபோர்னியாவுல 'பிளாக் மஸ்கட்'னு சொல்லி இனிப்பு ரெட் ஒயின் செய்றாங்க. சீனாவுல இதோட பேருக்கு அர்த்தமே 'ரோஜா வாசம்'தான். பேசி வெச்ச மாதிரி ரெண்டு ஊரும் ஒரே வாசத்தைப் பேரா வெச்சிருக்கு.

இது நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சு? 1832-ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டு வந்தார்னு எல்லாரும் சொல்வாங்க. தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சப்பவும் இதே கதைதான் செய்திகள்ல வந்துச்சு.

எனக்கு இங்கதான் இடிக்குது. மஸ்கட் ஹாம்பர்க் பழங்கால ரகம் இல்ல. இங்கிலாந்துல ஏர்ல் டி கிரேங்கிற பிரபுவோட தோட்டக்காரர் சீவர்ட் ஸ்னோ, ரெண்டு ரகங்களைச் சேர்த்து உருவாக்கினது. அது வெளியுலகுக்குத் தெரிஞ்சது 19-ஆம் நூற்றாண்டின் நடுவுல. அப்போ 1832-ல அது எப்படித் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கும்?

பாதிரியார் கதை முழுக்கப் பொய்னு நான் சொல்லலை. திருப்பலிக்குத் திராட்சை ரசம் வேணும், அதனால கொடி கொண்டு வர அவங்களுக்குக் காரணம் இருந்துச்சு. வந்தது வேற ரகமா இருந்திருக்கலாம். பன்னீர் பின்னாடி வந்து, ரெண்டு கதையும் ஒண்ணாயிருக்கலாம்ங்கிறது என் கணிப்பு.

சரி, பழம் இருக்கு. ஒயின் ஏன் பெருசா வளரலை? 1937 அக்டோபர் 1, ராஜாஜி அரசு மதுவிலக்கை முதல்ல ஆரம்பிச்ச இடம் சேலம் மாவட்டம். நாமக்கல்லும் அன்னைக்கு அதுக்குள்ளதான், அதாவது நம்ம கொங்கு மண்ணு. குடியால நாசமான குடும்பங்களை நினைச்சா அந்த முடிவோட நியாயம் புரியும். 1948-ல மதுவிலக்கு மாகாணம் முழுக்க வந்துச்சு, 1971-ல தளர்ந்துச்சு. இப்படிப்பட்ட ஊர்ல திராட்சை, சாப்பிடுற பழமாவே நின்னுருச்சு. மகாராஷ்டிரா 2001-ல ஒயினுக்குன்னே தனிக் கொள்கை போட்டுச்சு, நாசிக் வளர்ந்துச்சு.

இதுல நஷ்டம் யாருக்குன்னா, விவசாயிக்கு. நம்ம வெயிலுக்குக் கொடி தூங்குறதே இல்ல. கவாத்து பண்ணிப் பண்ணி வருஷத்துக்கு ரெண்டு அறுப்பு எடுக்கலாம். ஆனா பன்னீர் தோல் மெல்லிசு, ரொம்ப நாள் தாங்காது. கொட்டை வேற இருக்கு, நம்ம தலைமுறை கொட்டையில்லாததைத்தான் தேடுது. விலை விழுந்தா, ஜூஸோ ஒயினோ ஆக வழி இல்லாத பழம் பந்தல்லயே கிடந்து வீணாகும்.

சாப்பாட்டுக்கு எப்படி? காரத்தோட துவர்ப்பான ரெட் ஒயின் சேர்ந்தா எரிச்சல் கூடும். மஸ்கட் ஹாம்பர்க்ல துவர்ப்பு கம்மி, வாசம் தூக்கல். லேசான இனிப்போட இருந்தா, வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்ட பள்ளிபாளையம் சிக்கனுக்குச் சரியா நிக்கும். குடிக்காதவங்க ஜூஸ் வெச்சுக்கோங்க, வாசம் ஒண்ணுதான்.

அடுத்த தடவை பழக்கடைல 'கொட்டை இருக்கே'ன்னு தள்ளி வைக்கிறதுக்கு முன்னாடி, ஒண்ணை வாயில போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.