ஏணி அமைத்த ஆசான்: சார்லஸ் ஹூஸ்டன்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போரைப் பேசுவோர் 1954ஆம் ஆண்டு மே 17ஆம் நாளைத் தவறாது நினைவுகூர்வர். அரசுப் பள்ளிகளில் நிறத்தால் மாணவரைப் பிரித்துவைத்தல் அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்த நாள் அது. அவ்வழக்கை முன்னின்று நடத்திய தர்குட் மார்ஷல், 1967இல் அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதியரசரானார். அவரை உலகறியும். அவருக்குச் சட்டம் கற்பித்த ஆசானை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் 1895இல் வாஷிங்டன் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் படை அதிகாரியாக இருந்தும் வெள்ளையரிடம் அவர் பட்ட அவமதிப்புகள் அவரைச் சட்டத்தின்பால் திருப்பின. ஹார்வர்டில் பயின்று, அதன் சட்ட ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பின மாணவரானார்.

1929இல் ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் வழக்குரைஞரான சார்லட் ரே 1872இல் பட்டம் பெற்றது இப்பள்ளியில்தான். போதிய வழக்குகள் கிட்டாமையால் அவ்வம்மையார் ஆசிரியப் பணிக்குத் திரும்ப நேர்ந்தது.

ஹூஸ்டன் வந்தபோது அது மாலைப் பள்ளி. பகலெல்லாம் உழைத்தவர்கள் மாலையில் வந்து கற்றனர். மாலைப் பள்ளியின் அருமையை நம்மவர் நன்கறிவர். ஆயினும் அவர் அதனை முழுநேரப் பகற்பள்ளியாக மாற்றினார். பழைய மாணவர் பலர் எதிர்த்தனர். வேலையை விட இயலாத ஏழை மாணவன் எங்கே போவான் என்னும் கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. ஹூஸ்டனோ, எதிர்வழக்குரைஞனுக்குச் சற்றும் குறையாத பயிற்சியின்றி நம் மாணவன் நீதிமன்றம் ஏறலாகாது என்பதில் உறுதியாக நின்றார். 1931இல் அமெரிக்க வழக்குரைஞர் சங்கம் அப்பள்ளியை அங்கீகரித்தது. 1933இல் மார்ஷல் அங்கே முதல் மாணவராகத் தேறினார்.

‘தனித்தனியாயினும் சமம்’ என்னும் கொள்கையை உச்ச நீதிமன்றம் 1896இல் ஏற்றிருந்தது. ஹூஸ்டன் அதிலிருந்த ‘சமம்’ என்ற சொல்லையே படைக்கலமாக்கினார். சமமென்றால் சமமாகவே தருக, இன்றேல் ஒன்றாகச் சேர்த்துக்கொள்க என்பது அவர் வாதம். தென் கரோலினாவில் கறுப்பினக் குழந்தைகளின் இடிந்த பள்ளிகளைத் தாமே படமெடுத்துச் சான்றாக்கினார். மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் வாயில் நிறத்தின் பொருட்டு மார்ஷலுக்கு அடைபட்டிருந்தது. ஆசானும் மாணவரும் சேர்ந்து வழக்காடி, 1936இல் மேல்முறையீட்டிலும் வென்று, டொனால்டு மரே என்னும் இளைஞருக்காக அவ்வாயிலைத் திறந்தனர். மிசௌரி மாநிலமோ, கறுப்பின மாணவனை வேறு மாநிலத்துக்கு அனுப்பிப் படிப்புக் கட்டணம் செலுத்துவதாகச் சொல்லிற்று. அது செல்லாது, தன் எல்லைக்குள்ளேயே சமமான கல்வி தரவேண்டும் என்று 1938இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கில் வாதிட்டவரும் ஹூஸ்டனே.

ஓய்வறியா உழைப்பு அவர் இதயத்தை நலிவித்தது. 1950 ஏப்ரல் 22ஆம் நாள், தம் 54ஆம் வயதில் மறைந்தார். பெருந்தீர்ப்பு வெளிவர இன்னும் நான்காண்டுகள் இருந்தன.